கவசம் மக்களைக் காத்தது. கவசம் அணிந்தவரைக் காப்பது யார்?

பாரதக் கதையிலே கர்ணன் கவசத்தோடு பிறந்தான் என்பார்கள். அது கதை. நீலகிரி மலையிலே, நோயாளியின் கட்டிலருகே நின்ற நர்சு கவசத்தோடு பிறக்கவில்லை. யாரோ துணி செய்து, யாரோ வெட்டி, யாரோ தைத்து, யாரோ சோதித்து, லாரியிலே ஏற்றி மலைப்பாதை வழியே கொண்டுவந்து கொடுத்தால்தான் அவருக்குக் கவசம் உண்டு. கொடுக்கத் தவறினால், வெறுங்கையோடு கொள்ளை நோயின் எதிரே நிற்க வேண்டியதுதான். 2020-ஆம் ஆண்டிலே இந்த நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் நின்றார்கள். அதைப் பற்றி இன்று நம் தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

"கொரோனா முடிந்துபோன கதைதானே, இப்போது எதற்கு அந்தப் பேச்சு?" என்று கேட்பவர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு கரையை உயர்த்தாதவன், அடுத்த வெள்ளத்தை விருந்துக்கு அழைக்கிறான் என்றுதான் பொருள்.

கொள்ளை நோய் நமக்குப் புதிதல்ல. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது 'ஆசிய ஃப்ளு' என்ற நோய். அதை ஆராய்ந்த இடம் எது தெரியுமா? நம் குன்னூர்! 1907 முதல் அங்கே நடந்துவரும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த இன்ஃப்ளுயன்சா நிலையம்தான் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. ஊர் ஊராக வந்த கணக்கைத் தொகுத்தது. 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 இலட்சத்துக்கு மேல். பதிவான சாவு 1,098. கணிப்பொறி இல்லாத காலம். கார்டும் தந்தியும் ஓடிய காலம். ஆயினும் எண்ணினார்கள், எழுதிவைத்தார்கள்.

2020 செப்டம்பரில் நடந்தது என்ன? கொரோனாவுக்குப் பலியான மருத்துவ ஊழியர் எத்தனை பேர் என்று பாராளுமன்றத்தில் கேட்டபோது, சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, அந்தக் கணக்கை மத்தியிலே வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தது! இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்து, இறந்துபோன டாக்டர்கள் 382 பேரின் பட்டியலை வெளியிட்டது. டாக்டர்களுக்குச் சங்கம் இருந்தது, பட்டியல் வந்தது. ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவருக்கும், பிணத்தைக் கட்டித் தூக்கியவருக்கும் யார் பட்டியல் போட்டார்கள்? உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவ ஊழியர்கள் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எண்பதாயிரத்துக்கும் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேலான எண்ணுக்கும் நடுவிலே எவ்வளவு பெரிய இடைவெளி! எண்ணப்படாமலே போனவர்களின் இடைவெளி அது.

முகத்தை மூடினால் உயிர் பிழைக்கலாம் என்பதை உலகம் நேற்றுத்தான் கண்டுபிடித்ததா? இல்லை. பினாங்கிலே பிறந்த வூ லியன்-டே என்ற சீன டாக்டர், 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சை வைத்து மெல்லிய துணியால் கட்டிய முகக்கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். "நோய் காற்றிலே வருகிறது" என்று அடித்துச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளிகளிடம் போனார். சில நாட்களில் அதே பிளேக்குக்கு இரையானார். ஒரு முழத் துணி உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது. நூற்றுப் பத்து ஆண்டுகள் போன பிறகும், அந்த ஒரு முழத் துணிக்காக நம் நாட்டு நர்சுகள் கையேந்தி நிற்க நேர்ந்ததே, அதைத்தான் வெட்கம் என்கிறோம்.

அந்த நாட்களைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கேரளத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 30. மறுநாளே கவச உடைகளும் முகக்கவசங்களும் வெளிநாடு போகக் கூடாது என்று டில்லி தடை போட்டது. நல்ல காரியம்! ஆனால் பிப்ரவரி 8 அன்று சில வகை முகக்கவசங்களுக்கும் கையுறைகளுக்கும் தடை தளர்ந்தது. கப்பலேறிப் போக வழி திறந்தது. மார்ச் 19 அன்று மறுபடியும் தடை! வீட்டுக்குள் நெருப்பு விழும் நேரத்தில் கிணற்று நீரை விற்க அனுமதித்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? மார்ச் முடிவதற்குள் கல்கத்தாவிலே டாக்டர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நோயாளியைப் பார்த்தார்கள். அரியானாவிலே மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தார்கள். மருத்துவ ஊழியருக்குக் கவச உடை கொடு என்று உச்ச நீதிமன்றமே ஏப்ரல் 8 அன்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

பஞ்சம் தீர்ந்தது எப்படி? பாட்டாளியின் கையால் தீர்ந்தது. மலையடிவாரத்துக் கோவையிலே சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பஞ்சாலைகளுக்காகப் பிறந்த நிலையம். செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு துணியின் மீது செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை அங்கேதான் நடந்தது. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் துணி மாதிரிகள் அங்கே வந்து குவிந்தன. தேறியது போயிற்று தையலுக்கு. தேறாதது போயிற்று குப்பைக்கு. பனியனும் ஜட்டியும் தைத்த திருப்பூர்க் கைகள் கவச உடை தைத்தன. வெடிமருந்து செய்த அருவங்காடு தொழிற்சாலை கை கழுவும் கிருமிநாசினி செய்தது. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு இலட்சக் கணக்கில் இந்த நாடு கவச உடை செய்தது. இரண்டே மாதத்தில் முடிந்த காரியம், இருபது ஆண்டுகளாக ஏன் முடியவில்லை? கை இருந்தது, தறி இருந்தது, ஆலை இருந்தது. முன்யோசனை ஒன்றுதான் இல்லை!

சரி, கவசம் கிடைத்தது. துன்பம் தீர்ந்ததா? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். கவசம் கிருமியைத் தடுக்கும். கூடவே காற்றையும் தடுக்கும். தலை முதல் கால் வரை நீர் புகாத உடை. அதற்கு மேல் இரட்டைக் கையுறை, மூக்கை இறுக்கும் என்-95, அதன் மேல் கண்ணாடி, அதற்கும் மேல் முகத்தட்டு. ஆறு மணி நேரம் உள்ளேயே வேலை. வெளியிலிருந்து ஒரு துளி கசியக் கூடாது என்று செய்த துணி, உள்ளிருக்கும் வேர்வையை மட்டும் வெளியே விடுமா? வேர்வை உடலிலேயே ஊறும். தாகம் எடுக்கும், குடிக்க முடியாது. சிறுநீர் முட்டும், போக முடியாது. ஒருமுறை கழற்றினால் அந்த உடை குப்பைக்கு. வேறு உடை கிடைப்பதோ அரிது. ஆகவே வேலைக்குப் போகுமுன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள் நர்சுகள். மாதவிலக்கு நாட்களிலும் அதே உடை, அதே ஆறு மணி நேரம். வாய்விட்டுச் சொல்லவும் கூசி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள் நம் சகோதரிகள்.

இது வெறும் புலம்பலல்ல, கணக்கு இருக்கிறது. சீனாவின் ஊபே மாகாணத்தில் 542 மருத்துவ ஊழியர்களைக் கேட்டார்கள். 526 பேருக்குத் தோல் புண்பட்டிருந்தது, மூக்குத்தண்டிலேதான் அதிகம். சிங்கப்பூரிலே 158 பேரைக் கேட்டார்கள். 128 பேருக்கு, அதாவது நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு, கவசம் அணிந்ததால் புதிதாகத் தலைவலி. இன்னொன்றும் உண்டு. நர்சு வேலையில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கவசத்தின் அளவு பெரும்பாலும் ஆணின் உடம்புக்கு எடுத்தது. பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசு 2017-லேயே, நோய் வருமுன்பே, பாதுகாப்புக் கருவிகள் பெண்களுக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை போட்டுச் சொல்லியது. கேட்டவர் யார்? தொளதொளத்த உடை கதவுக் கொண்டியில் மாட்டும். பெரிய கையுறையில் ஊசி நழுவும். முகத்தோடு ஒட்டாத முகக்கவசத்தின் ஓரத்தில் கிருமி நுழையும். பொருந்தாத கவசம் பாதிக் கவசம்கூட அல்ல. காப்பாற்றும் என்று நம்பவைத்துக் கைவிடும் கவசம்!

அணிவதைவிடக் கழற்றுவதிலே ஆபத்து அதிகம். உடையின் வெளிப்பக்கம் முழுவதும் கிருமி இருக்கலாம். ஒழுங்கு தவறி ஒரு விரல் கண்ணிலே பட்டால் போதும். எப்போது கழற்றுகிறார்கள்? ஆறு மணி நேரம் நின்று, தலை வலித்து, தாகம் மிஞ்சி, கை நடுங்கும் நேரத்தில்! களைத்தவனிடம் கத்தியைக் கொடுத்துக் கயிற்றின்மேல் நடக்கச் சொல்வது போன்றது இது. ஆகவேதான் சொல்கிறோம்: கவசம் என்பது துணி மட்டுமல்ல. வேலை நேரம், ஓய்வறை, குளியலறை, குடிநீர், கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள், அடுத்த வேளைக்கு வந்து நிற்க இன்னொரு நர்சு. இத்தனையும் சேர்ந்ததுதான் கவசம்.

இனி நம் மலைக்கு வருவோம். "ஊட்டியிலே குளிர்தானே, கவச உடை கம்பளி மாதிரி இதமாக இருக்குமே!" என்று சமவெளியிலே சிலர் வேடிக்கை பேசலாம். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர். குளிர்ந்த கண்ணாடியில் சூடான மூச்சு பட்டால் என்ன ஆகும்? பனி படியும். கண் மறையும். கண் மறைந்த நிலையில் நரம்பு தேடி ஊசி போட வேண்டும். உடைக்குள்ளே நனைந்த சட்டையோடு, கழற்றிவிட்டு வெளியே வந்தால் மலைக்காற்று எலும்பைத் தொடும். சமவெளி நர்சை வெப்பம் வாட்டியது. மலை நர்சை வெப்பமும் குளிரும் மாறி மாறி வாட்டின.

தொடக்கத்தில் நீலகிரி நோயாளிகளைக் கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். தொழிலாளிக்காக எழுந்த ஆஸ்பத்திரி, நாடு தவித்தபோது எல்லோருக்கும் கதவு திறந்தது. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆம்புலன்சின் பின்பக்கம் நோயாளி. அவர் அருகே கவசம் பூண்ட ஊழியர். முன்னே கவசம் பூண்டு வண்டி ஓட்டும் டிரைவர். மேலே குளிர், கீழே கொதிப்பு, நடுவிலே வளைவுகள். குமட்டினாலும் முகக்கவசத்தைக் கழற்ற முடியாது. மறுபடி மலையேறி வரவேண்டும், அடுத்த நோயாளிக்காக. நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்தது 2021-22 கல்வியாண்டில்தான். அதன் புதிய ஆஸ்பத்திரி திறந்தது 2025 ஏப்ரலில்தான். கட்டடம் வந்ததை வரவேற்கிறோம். கட்டடத்துக்குள் நிற்கப் போதிய நர்சு உண்டா என்ற கேள்வியையும் கூடவே வைக்கிறோம்.

2021 கோடையிலே, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடிகளிலே வயது வந்தோர் அனைவருக்கும் ஊசி போட வேண்டும் என்று இந்த மாவட்டம் முனைந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்! ஜீப் போகும் வரை ஜீப். அதற்குப் பிறகு கால்நடை. காடு, மழை, அட்டை, யானை. எல்லாவற்றையும் தாண்டிக் குடிசை குடிசையாகப் போனவர்கள் யார்? கிராம சுகாதார நர்சுகள், ஊழியர்கள், 'ஆஷா' என்று அழைக்கப்படும் பெண்கள். மலைப்பகுதிகளில் மருந்தும் செய்தியும் சுமந்து நடக்கும் இந்த ஆஷாப் பெண்களுக்கு 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. உலகம் விருது கொடுத்தது. நாடு சம்பளம் கொடுத்ததா? 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டி, 'ஊக்கத்தொகை' என்று ஏதோ கொடுக்கிறார்கள். தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் உரிமை தர வேண்டுமே!

தேயிலைத் தோட்டத் தோழர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று விளங்கும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? மழையிலும் குளிரிலும் நிற்கும் தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுப்பதற்கு விதி செய்யலாம், கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. 2010-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பூச்சிமருந்து கையாளுவோருக்குப் பாதுகாப்பு உடை தருவதையும் கடமையாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தத்துவம் மாறவில்லை, மாற விடவும் மாட்டோம். மழைக்கோட்டு துரை போட்ட பிச்சை அல்ல. கொழுந்து பறிக்கும் கையின் உரிமை. கொழுந்து பறிப்பவளுக்கு மழைக்கோட்டு எதுவோ, நர்சுக்கு முகக்கவசம் அது. சுரங்கத் தொழிலாளிக்கு விளக்கு எதுவோ, ஆம்புலன்சு டிரைவருக்குக் கையுறை அது. கருவி இல்லாமல் வேலை வாங்குவது அடிமைத்தனம். கருவி கொடுத்துவிட்டு, கருவி தரும் வேதனையைக் கவனிக்காதிருப்பது அரைகுறை அடிமைத்தனம்.

நாடு அவர்களுக்கு என்ன செய்தது? 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்குக் கை தட்டியது. ஏப்ரல் 5 அன்று விளக்கு ஏற்றியது. மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவியது. ரூபாய் 50 இலட்சம் இன்சூரன்சு என்று அறிவித்தது. அதே ஏப்ரலில், 19-ஆம் நாள், சென்னையிலே கொரோனாவுக்குப் பலியான டாக்டர் சைமன் ஹெர்குலிசின் உடலைப் புதைக்க விடாமல் கல்லும் கட்டையும் வீசியது ஒரு கூட்டம். இருட்டிலே, கவச உடையோடு, சக டாக்டர் ஒருவர் மண்ணை அள்ளிப் போட்டு அவரை அடக்கம் செய்தார். வெள்ளை உடையைக் கண்டு பயந்த அறியாமையைக் கண்டிக்கிறோம். ஆனால் அந்த அறியாமையைப் போக்க வேண்டியவர்கள் கை தட்டச் சொன்னார்களே தவிர, காரணம் சொல்லிக் கொடுத்தார்களா?

தமிழ்நாட்டு ஒப்பந்த நர்சுகளின் கதை இன்னும் கசப்பானது. 2015-இல் தேர்வாணையம் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். போராடி, போராடி அது 14,000 ஆயிற்று, பிறகு 18,000. கொரோனா காலத்திலும் ஒப்பந்தத்தின் பேரில் நர்சுகளைச் சேர்த்தார்கள். "வா, வந்து காப்பாற்று" என்று அழைத்தார்கள். வந்தார்கள், காப்பாற்றினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று, அவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் புத்தாண்டு, அவர்கள் வீதியிலே போராட்டம். மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் மூலம் மாற்று வேலை தருவோம் என்று பிறகு மந்திரி சொன்னார். அதுவும் நிரந்தர வேலை அல்ல. ஒருமுறை அணிந்து எறியும் கையுறை போலவா நர்சு? கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒப்பந்த ஊழியரின் வாயைக் கட்டுவது முகக்கவசமல்ல, ஒப்பந்தம். "கையுறை கிழிந்திருக்கிறது" என்று சொன்னால் அடுத்த ஆறு மாதம் வேலை உண்டா என்ற அச்சம். "தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்கார வேண்டும்" என்று சொன்னால் கெட்ட பெயர் வருமோ என்ற அச்சம். அச்சத்தோடு வேலை செய்பவர் குறை சொல்ல மாட்டார். குறை சொல்லப்படாத இடத்தில் குறை தீராது. தீராத குறை கடைசியில் நோயாளியின் கட்டிலிலேதான் வந்து விடியும். ஆகவே நிரந்தர வேலை என்பது நர்சின் வயிற்றுப்பாடு மட்டுமல்ல. உன் வீட்டு நோயாளியின் உயிர்ப்பாடு!

நாம் கேட்பது வானத்து நிலாவை அல்ல. ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும், தோட்ட ஆஸ்பத்திரியிலும், மூன்று மாதத்துக்குப் போதுமான கவசம் இருப்பில் வேண்டும். காலாவதியாகுமுன் மாற்ற வேண்டும். பெண்ணின் உடம்புக்கு அளவெடுத்த கவசம் வேண்டும். கவசத்துக்குள் வேலை நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஏற்ற ஆள்பலம் வேண்டும். கழற்றத் தனி அறை, குளிக்க வெந்நீர் வேண்டும். மலைக் குளிரிலே வெந்நீர் ஆடம்பரமல்ல. டாக்டருக்கு ஒன்று, துப்புரவுத் தொழிலாளிக்கு ஒன்று என்ற தரப் பிரிவு கூடாது. கிருமி பதவி பார்த்துத் தொற்றுவதில்லை. இறந்தவர் அனைவரையும், கடைசிக் கூலி ஊழியர் வரை, எண்ணி எழுதிவைக்க வேண்டும். குன்னூரிலே 1957-இல் நாடு முழுவதற்கும் கணக்குத் தொகுக்க முடிந்தது என்றால், இன்று முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தோழர்களே! இதிலே உங்களுக்கும் வேலை உண்டு. அடுத்த கிளைக் கூட்டம் முடிந்ததும் நான்கு பேராக உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோபத்தோடு அல்ல, மரியாதையோடு, நர்சு அம்மாவிடம் கேளுங்கள்: அலமாரியில் முகக்கவசம் எத்தனை இருக்கிறது? உங்களுக்குப் பொருந்துகிறதா? உட்கார ஓர் அறை உண்டா? நிரந்தரமா, ஒப்பந்தமா? பதிலை எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், கூலிக்கும் போனசுக்கும் கீழே இதற்கும் ஒரு வரி சேருங்கள். மாவட்ட அதிகாரியிடம் மனுவாகக் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

காய்ச்சல் வந்து நாம் படுத்திருந்தபோது நமக்காக அவர்கள் நின்றார்கள். நாம் நலமாக எழுந்து நிற்கும் இந்த நாளில், அவர்களுக்காக நிற்க வேண்டியது நம் முறை.